வாலுக்குக் கட்டிய கோடித் துணி

திருத்தணி நெசவாளர் தெருவில் யாராவது கஜபதியிடம், "இந்த வருசமாவது சேவல் கண்காட்சிக்குப் போறியாப்பா?" என்று கேட்டால் அவனுக்கு ஒரே பதில்தான். "அவ்ளோ தொலைவு போய் வர்ற செலவு கட்டுப்படியாவாதுப்பா." கேட்டவன் அதோடு வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். தை மாதம் திண்டுக்கல் பக்கத்தில் நடக்கிற கண்காட்சிக்கு ரயில் மாறி ரயில் ஏறிப் போய்வர என்ன ஆகும் என்பது தெருவுக்குத் தெரியாததல்ல. கஜபதி எந்தச் செலவைச் சொல்கிறான் என்பதும் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை போனவன்தான் அவன். அப்போது அவன் மகள் கமலாவுக்கு ஆறு வயது. கிளம்புகிற அன்று காலையில் குழந்தைக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. "சொரம் அடிக்குது, இந்த வாட்டி வேணாங்க" என்றாள் அவன் மனைவி தாயாரம்மாள். கஜபதி குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "பனிக்காலத்துச் சொரம். கஷாயம் குடுத்தா ஓடிப்பூடும்" என்றான். குழந்தையே பாயில் படுத்தபடி, "நைனா, கப்பு வாங்கிகினு வா" என்று கையாட்டியது. அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன உத்தரவு வேண்டும்? கிளம்பிவிட்டான்.

கப்பும் கிடைத்தது. முதல் பரிசு. அதைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேவல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் அவன் திரும்பியபோது ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள். அரக்கோணத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். எந்தத் தோப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாதவனுக்கு எந்த விலாசத்துக்குத் தந்தி அடிப்பது? குழந்தையை எத்தனை நேரம் வைத்துக்கொண்டு காத்திருப்பது? முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். பெற்ற மகளுக்கு ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்காத அப்பன். கப்பை அன்றைக்கே கொண்டுபோய் நந்தி ஆற்றில் வீசினான்.

வீசினானே தவிர, சேவல் வளர்ப்பதை விட்டானா என்றால் இல்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கொஞ்ச நாள் கூடு காலியாகக் கிடந்தது. பிறகு ஒரு குஞ்சு வந்தது, அதற்கு ஒரு ஜோடி வந்தது. கிளி மூக்கும் விசிறி வாலுமாக அந்த ஜாதிச் சேவல்கள் மறுபடியும் தறிக்கொட்டகைக்குப் பின்னால் கழியில் ஏறி நின்றன. "இன்னும் கோழி வளர்க்கிறான் பார், நெஞ்சழுத்தக்காரன்" என்று தெரு பேசியது. பேசட்டும். தறியில் கால் மிதிக்கிற நேரம் போக, மிச்ச நேரத்தில் நினைப்பு எங்கே போய் நிற்கும் என்பது அவனுக்கல்லவா தெரியும்? சேவலுக்குக் கம்பு ஊறவைக்கிற நேரத்திலாவது கொஞ்சம் மறந்திருந்தது.

தாயாரம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் சோறு போட்டாள், தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தாள், அவன் இருமினால் சுக்கு இடித்து வைத்தாள். கோழி ஏதாவது சமையல்கட்டுக்குள் நுழைந்தால் மட்டும் விரட்டக்கூட மாட்டாள். ஒதுங்கி நின்றுகொண்டு, "உங்க கோழி வந்துகீது" என்று குரல் கொடுப்பாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் கோழிகள் எல்லாம் 'உங்க கோழி'தான். அடுத்து ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் மயில் நிறத்தில் ஒரு சேவல் அமைந்தது. கஜபதி தன் ஆயுசில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கழுத்தில் மினுமினுப்பு, வால் என்றால், முந்தானையை உதறி விரித்தாற்போல் தரை வரைக்கும் விழும். தாயாரம்மாளின் தம்பி எல்லப்பன் ஒரு நாள் கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்தவன் கொட்டகையில் நின்று அதைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை.

"பாவா, இத்த இங்க வெச்சிகினு இன்னா பண்ணப் போறே? யாருக்குத் தெரியும் இதோட மதிப்பு? ஒருதபா கண்காட்சிக்குக் கொண்டுபோ பாவா."

கஜபதி வழக்கம்போல ஆரம்பித்தான். "அவ்ளோ தொலைவு போய் வர்ற செலவு..."

உள்ளே தார் சுற்றுகிற ராட்டை நின்றது.

"போய்ட்டு வரலாம்" என்றது தாயாரம்மாளின் குரல். "நானும் வரேன்."

எல்லப்பன் அக்காள் இருந்த பக்கம் பார்த்தான், பாவாவைப் பார்த்தான், வந்த வேலை என்னவென்றே மறந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ராட்டை மறுபடி சுற்றத் தொடங்கியது. கஜபதிக்கு ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தான். சேவல்காரர்களுக்கு ரயில் பயணத்தில் உயிர் போகிற கவலை வாலைப் பற்றியதுதான். நீளமான இரண்டு இறகில் ஒன்று முறிந்தாலும் அத்தனை தூரம் போனது வீண். அதனால் கூடையின் பின்பக்கம் வாய் வைத்து, வாலை வெளியே எடுத்து, துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தவன் முன்னால் தாயாரம்மாள் வந்து நின்றாள். கையில் நீளமாகப் பை போல ஒரு துணி. ஓரமெல்லாம் நெருக்கமாகத் தைத்து, முனையில் நாடா வைத்திருந்தாள்.

"கந்தலைக் கட்டிகினா நாலு பேர் நடுவுல போய் நிப்பீங்க? இத்தக் கட்டுங்க."

கஜபதி துணியைக் கையில் வாங்கியதுமே தெரிந்துகொண்டான். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றி நெய்த முதல் துண்டு அது. அந்த வீட்டு வழக்கப்படி முதல் துண்டு மலைக்குப் போகும், முருகனுக்கு. தண்ணீர் படாத கோடியாகத்தான் போகவேண்டும், நனைத்துவிட்டால் பழந்துணி. நல்ல காரியம் எதுவானாலும் அவர்களுக்குக் கோடிதான்.

"இது மலைக்கு எடுத்து வெச்சதாச்சே?"

"சாமியும் கொடியில சேவலைத்தான் வெச்சிகினு கீது. கோச்சிக்காது. அடுத்த துண்டு குடுத்துக்கலாம்."

துணி மொடமொடவென்று இருந்தது. பாவு நூல் விறைக்கப் போட்ட கஞ்சி அப்படியே இருந்தது. ஒரு தடவை அலசிக் காயவைத்துவிட்டுக் கட்டினால் நல்லது என்பது தறிக்காரனுக்குத் தெரியாதா? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தத் தையலைப் பார்த்தான். கண் சரியாகத் தெரியாத நிலையில், பன்னிரண்டு வருஷமாகக் கோழி இருக்கும் திசைக்கே முகம் கொடுக்காதவள், அடுப்படியில் உட்கார்ந்து கோத்துக் கோத்துத் தைத்திருக்கிறாள். அதை வாங்கி வாளித் தண்ணீரில் முக்குவதா? தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். "நல்லாக் கீது" என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

எல்லப்பன் வீட்டைப் பார்த்துக்கொள்ள, இருவரும் கூடையோடு கிளம்பினார்கள். அரக்கோணத்தில் மாறி, செங்கல்பட்டுப் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கூடையை மடியில் வாங்கிக்கொண்டது தாயாரம்மாள்தான். கஜபதிக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வண்டி காஞ்சிபுரம் தாண்டியதும், அதற்கு மேல் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"நீ ஏன் வரேன்னே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெத்த புள்ளைய சொரத்துல உட்டுட்டுப் போறா மாதிரி அங்க இன்னாதான் கீதுன்னு ஒருதபா பாத்துடணும். பாக்காம செத்துட்டா என் கட்டை வேகாது."

எதிர் சீட்டில் ஒருத்தன் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். கஜபதி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்தானோ அது வந்துவிட்டது. கோபமாகக்கூட வரவில்லை, உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்குப் பரிசு முக்கியமில்லாமல் போயிற்று. சேவல் வாலை விரிக்க வேண்டும், கூட்டம் வாயடைத்து நிற்க வேண்டும், அதை இவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, போனது தப்புதான், ஆனாலும் ஒன்றுமில்லாததற்குப் போகவில்லை என்று மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. மலை இருந்த திசையைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

செங்கல்பட்டில் இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. தை மழை நெய் மழை என்பார்கள். யாருக்கு நெய்யோ, கஜபதியின் கண் நேரே கூடைக்குப் போயிற்று. பிளாட்பாரக் கூரைக்குள் அத்தனை பேரும் நெருக்கியடிக்க, இவர்கள் ஓரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தாயாரம்மாள் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு மழைக்கு முதுகைக் காட்டி நின்றாள். சேவல் நனையவில்லை. கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலுறை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் உறையை வெளிப்பக்கமாகவே மெல்லப் பிழிந்து, கையால் நீவி நீவிவிட்டாள். "அவுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம். வண்டி ஆட்டத்துல அவுத்தா முறிஞ்சுடும்" என்றான். காலமெல்லாம் சேவல்காரன் சொல்கிற பேச்சு அது, பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நனைந்த கஞ்சி காய்ந்தால் என்ன ஆகும்? பாவில் அது நூலோடு நூலை ஒட்டவிடாமல் இருக்கத்தான் தெருவில் நீட்டிக் கட்டி ஈரம் காயும்வரை தூரிகை மட்டையால் நீவி இழுக்கிறார்கள். இங்கே யார் இழுப்பது? அவிழ்த்துவிடலாம் என்று திரும்பினான். தாயாரம்மாள் தூங்கிப்போயிருந்தாள். கூடை மடியில், ஒரு கை அந்த உறையின் மேல். ஜுரம் வந்த பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவளின் கை அப்படித்தான் இருக்கும். கஜபதி அந்தக் கையை எடுக்கவில்லை. ஜன்னல் காற்றில் துணி காய்ந்துகொண்டே வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கண்காட்சி ஒரு தென்னந்தோப்பில். மரத்துக்கு மரம் சேவல் கட்டியிருந்தது. கால்மாட்டில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். ஒருவர் சேவலை ஒருவர் பார்ப்பதும், மூக்கின் வளைவைத் தொட்டுப் பார்ப்பதும், "இது யார் வீட்டு வித்து?" என்று கேட்பதுமாக இருந்தது. ஒரு ஓரத்தில் டீக்கடை. பந்தல் ஒன்று, அதில் மேசை, மேசை மேல் வெயிலில் மின்னுகிற கப்புகள். தாயாரம்மாள் தோப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கப்புகளையும் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

கஜபதி தலையைக் குனிந்துகொண்டான். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் எதைக் கட்டி வைத்திருந்தாளோ, அதற்கு இந்தத் தோப்பு எந்த மூலைக்கு? தேரும் திருவிழாவுமாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருக்கலாம். இருந்திருந்தால் அவனைத் திட்டவாவது சுலபமாக இருந்திருக்கும்.

"இரு, நம்ம சேவல் வாலை விரிக்கும். அத்தப் பாரு" என்றான். குரல் கெஞ்சியது.

பரிசு பார்க்கிற பெரியவரும் இரண்டு பேரும் மரம் மரமாக வந்துகொண்டிருந்தார்கள். மயில் நிறத்தையும் மூக்கையும் பார்த்ததுமே பெரியவர் நின்றுவிட்டார். "எந்த ஊருண்ணே? திருத்தணியா! அம்புட்டுத் தூரத்துல இருந்தா? பிரிச்சு விடுங்க, வாலைப் பாப்போம்" என்றார். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். கஜபதி நாடாவை அவிழ்த்தான். உறை கழலவில்லை. இழுத்தால் இறகும் சேர்ந்து வந்தது. தாயாரம்மாள் குந்தி உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். ஒவ்வொரு தையலாக, தான் போட்டதையே. துணியை உரித்தபோது கிழிகிற சத்தம் கேட்டது. உள்ளே வால் இல்லை, அட்டை இருந்தது. இறகோடு இறகு பிசினாக ஒட்டி, பட்டையாக, கலங்கலான வெள்ளைப் பூச்சோடு நின்றது. சேவல் அதை விரிக்கப் பார்த்து உதறியது. நீளமான இரண்டு இறகும் நடுவில் முறிந்து தொங்கின.

பெரியவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "அருமையான சேவலுண்ணே. ஆனா வாலு இல்லாம என்னத்தப் போட?" என்று சொல்லிவிட்டு, உண்மையான வருத்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போனார். கூட்டமும் அவர் பின்னால் போயிற்று.

தாயாரம்மாள் கையில் துணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கஞ்சி" என்றாள். "தறிக்காரன் ஊட்டுல பொறந்து தறிக்காரனுக்கு வாக்கப்பட்டு... எனக்குத் தெரியாம போச்சே. கோடின்னு நெனைச்சேனே தவிர கஞ்சின்னு நெனைக்கலியே. என் கையாலயே கெடுத்துட்டேனே." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "மழை பேஞ்சப்போ உங்களுக்காவது தோணலியா?"

"தோணிச்சு."

"தோணியுமா அவுக்கல? ஏன்?"

"நீ கைய வெச்சிகினு தூங்கிகினு இருந்தே."

அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. இந்தத் துக்கம் சேவல் வாலுக்கு மட்டும் உரியதல்ல என்று கஜபதிக்குத் தெரிந்தது. இவளை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. யார் யாருக்கோ சொல்கிற, எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது.

"உடு. நீ இன்னா வேணும்னா பண்ணே?"

தாயாரம்மாள் அழுகையை நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்தாள். மகள் போன பிறகு அவள் அவனை அப்படி நேருக்கு நேர் பார்த்ததே கிடையாது. தோப்பில் ஏதோ ஒரு சேவல் கூவியது, இன்னொன்று பதில் கூவியது.

"நீங்க மட்டும்?" என்றாள். "அன்னிக்கு நீங்க மட்டும் வேணும்னா போனீங்க?"

கஜபதிக்குக் கேட்டதை நம்ப முடியவில்லை. அந்தக் கேள்வியை அவன் தனக்குத் தானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். பதிலும் சொல்லிப் பார்த்திருக்கிறான். தன் வாயால் சொன்ன பதில் ஒரு நாளும் செல்லுபடியானதில்லை. சொல்ல வேண்டியவள் சொன்னால்தான் செல்லும். தென்னைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. மகளுக்காக ஊரார் முன்னால் ஒரு நாளும் அழாதவன், அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று இருந்தவன், முன்பின் தெரியாத ஊரில் ஓவென்று அழுதான். தாயாரம்மாள் அவன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

பக்கத்து மரத்துச் சேவல்காரர் பதறிப்போய் எழுந்து வந்தார்.

"அட, என்னண்ணே இது, சின்னப்புள்ள மாதிரி! வாலுக்குப் போயா இந்த அழுகை அழுகுறது? இறகு தானண்ணே. உதுந்து மறுபடி முளைச்சுரும். அடுத்த தைக்கு இதே சேவலைக் கொண்டுக்கிட்டு வாங்க, கப்பு உங்களுக்குத்தான்" என்றார். கஜபதி அழுதுகொண்டே இருந்தான். அவர் தாயாரம்மாளைப் பார்த்து, "சொல்லுங்கம்மா அவருக்கு. வருவீகல்ல?" என்று கேட்டார்.

தாயாரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆங், வரோங்க" என்றாள்.